கால்வாய்மேல் கட்டிய மன்றம்

மன்றம் என்றதும் ஏதோ நடிகரின் ரசிகர் மன்றம் என்றுதான் கஜபதி முதலில் நினைத்தான். கோவில்பதாகை ஏரிக்கரைத் தெருவுக்கு எதிரே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிடந்த முள்காட்டை வழித்துவிட்டுக் கட்டடம் எழும்பியபோது, "கட்அவுட்டு வெப்பானுங்க, பாலு ஊத்துவானுங்க, ஸ்பீக்கர கட்டி உயிர எடுப்பானுங்க" என்று மனைவி பத்மாவிடம் கவலைப்பட்டான். பெயர்ப்பலகை வந்தபிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. 'மேற்குப் புறநகர்க் காலநிலைத் தகவமைப்பு மன்றம்.' ஆவடி ஸ்டேஷனுக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கஜபதிக்கு அதில் 'மேற்கு' மட்டும் புரிந்தது.

தெருவில் இதையெல்லாம் படித்துச் சொல்லக்கூடியவள் ஜெபா. நாகர்கோவில்காரி. கணவர் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கஜபதி வீட்டுக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டி வந்தவள்.

"மழையும் வெயிலும் முன்ன மாதிரி இல்லேல்லா தம்பி? அதுக்குத் தக்கன நம்மள மாத்துறதுக்கு வந்திருக்காவ."

"நம்மள மாத்தவா? நம்ம இன்னாக்கா பண்ணோம்?"

ஜெபா பலகையை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

மன்றத்தின் கார்கள் தெருமுனை ரோட்டிலிருந்து உள்ளே போகக் கால்வாயின் குறுக்கே ஒரு சாய்தளம் வேண்டியிருந்தது. பாலம் கட்டினால் நாளாகும் என்று கல்லையும் மண்ணையும் கொட்டிக் கால்வாயை மூடி, மேலே கான்கிரீட் போட்டார்கள். அடியில் மறக்காமல் ஒரு குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயில் ஒரு பூனை போகலாம், கொஞ்சம் மெலிந்த பூனையாக இருந்தால். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் முழுவதும் அந்தக் கால்வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அதுவரை கணுக்கால் அளவுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன மழைநீர், சாய்தளம் வந்த வருஷத்திலிருந்து ஏரிக்கரைத் தெருவில் இடுப்பளவுக்கு நிற்கத் தொடங்கியது. வெள்ளத்தால் பாதிக்கப்படும் மக்களைத் தேடி எங்கெங்கோ அலையத் தயாராக இருந்த மன்றத்துக்கு, அப்படிப்பட்ட மக்கள் வாசலுக்கு எதிரிலேயே கிடைத்ததில் மிகுந்த திருப்தி.

போன வருஷ மழையில் பத்மா கேஸ் சிலிண்டரைக் கட்டில்மேல் தூக்கி வைக்கப் போய், சாக்கடை கலந்த தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. படுக்கையறைக் கதவைக் கழற்றி, அதன்மேல் அவளைப் படுக்கவைத்து, மெயின் ரோடுவரை தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பிறகு அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை வருவாள். வாசலில் நின்று எதிரே அந்தக் கட்டடத்தைப் பார்ப்பாள். திரும்பிப் போவாள்.

அடுத்த மழைக்குள் சாய்தளத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பதென்று கஜபதி தீர்மானித்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, காக்கிச் சட்டையோடு மன்றத்துக்குப் போனான். தலைமைச் செயல் அலுவலர் ரகுநாதன் அவனை எழுந்து நின்று வரவேற்றார். கைகொடுத்தார். நாற்காலி காட்டினார். ஏமாறப்போகிறோம் என்பதற்கான அறிகுறிகள் அவை என்று கஜபதிக்கு அப்போது தெரியாது.

"சார், அந்தக் கால்வாய அடச்சிகினு கீது பாருங்க உங்க வழி, அத்த எடுத்துட்டு அகலமா தொறந்து உட்டீங்கன்னா போதும் சார். வேற ஒண்ணியும் வாணாம்."

ரகுநாதன் கண்ணை மூடித் திறந்தார்.

"கஜபதி, உங்க வலியை நான் உணர்றேன். ஆனா இதுல ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கு. வெள்ளம் வராம பாத்துக்கறது தணிப்பு. வந்த வெள்ளத்தோட வாழக் கத்துக்கறது தகவமைப்பு. வெளியில எங்க பலகையைப் பாருங்க. தணிப்புன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல சார்."

"இல்லைல்ல? அப்புறம் எப்படி நாங்க செய்ய முடியும்? அதிகார வரம்புன்னு ஒண்ணு இருக்கே. அதோட, நல்லா யோசிச்சுப் பாருங்க. வெள்ளமே வரலைன்னா உங்களுக்கு நாங்க எதைச் சொல்லிக்கொடுக்கறது?"

கஜபதி நல்லாத்தான் யோசித்துப் பார்த்தான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான். ஏன் நன்றி சொன்னோம் என்று பட்டாபிராம் போய்ச் சேரும்வரை யோசித்தான்.

அடுத்த வாரமே தெருவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மன்றத்தின் அரங்கம் தரைக்குக் கீழே இறக்கிக் கட்டப்பட்டிருந்தது. பூமியே குளிர்ச்சி தரும், ஏசி குறைவாகப் போட்டால் போதும் என்ற சூழலியல் அக்கறை. படியிறங்கிப் போனால் கிணற்றுக்குள் போவதுபோல இருக்கும். அங்கே ஆலோசகர் கார்த்திகா, கலர் கோலப்பொடிப் பொட்டலங்களோடு காத்திருந்தாள்.

"இன்னிக்கி நீங்கதான் டீச்சர்ஸ், நாங்க ஸ்டூடன்ட்ஸ். உங்க ஏரியாவை இந்தத் தரையில நீங்களே வரையப் போறீங்க. தப்பா ரைட்டான்னு கவலையே படாதீங்க. மக்கள் சொல்றது எல்லாமே டேட்டா!"

பெண்கள் மார்கழி மாதத்துக் கைப்பழக்கத்தில் மளமளவென்று வரைந்தார்கள். ஏரி, கால்வாய், தெரு, மாரியம்மன் கோயில், ரேஷன் கடை எல்லாம் வந்தது. கார்த்திகா கைதட்டினாள். "சூப்பர்! இப்ப ஆபத்து எங்க இருக்கோ அங்க சிவப்புப் பொடி தூவுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் போட்டார்கள். கையில் இருந்த சிவப்பு தீர்ந்ததும் ஜெபா இன்னொரு பொட்டலத்தைக் கிழித்து மொத்தமாகக் கவிழ்த்தாள். மன்றத்துச் சாய்தளத்தின்மேல் ஒரு குட்டிக் குன்று எழுந்தது.

கார்த்திகா ரகுநாதனைப் பார்த்தாள். ரகுநாதன் குன்றைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, சரியாக அந்தக் குன்றின்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மக்களோட மக்களா உட்காரணும்" என்றார். "போட்டோ எடுங்க."

படம் நன்றாக வந்தது. சுவரில் மாட்டியிருந்தார்கள்.

மே மாதம் வெள்ள ஒத்திகை வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவதால் மழைக்காலம்வரை காத்திருக்க முடியாது என்றார்கள். தெருவில் போர் வற்றி, குடிதண்ணீர் லாரிக்காகப் பெண்கள் கால் கடுக்க நிற்கிற நேரம். மன்றம் வரிசையாக டேங்கர் லாரிகளை வரவழைத்து, நல்ல தண்ணீரைத் தெருவில் திறந்துவிட்டது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்த தெரு அலறிக்கொண்டு ஓடும் என்பது திட்டம். தெரு ஓடத்தான் செய்தது. குடத்தையும் பக்கெட்டையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி ஓடியது.

ரகுநாதன் மைக்கைப் பிடுங்கினார். "தயவுசெய்து வெள்ளத்தைக் குடத்தில் பிடிக்காதீர்கள்! தாய்மார்களே, இது வெள்ளம்! வெள்ளத்தைப் பார்த்துப் பயப்படுங்கள்! வடிகட்டாதீர்கள்!"

கஜபதி அந்த நேரம் சவாரியில் இருந்தான். அவன் இல்லாதபோதுதான் கார்த்திகா வீட்டுக்கு வந்து பத்மாவைக் கேட்டிருக்கிறாள்.

"ஆன்ட்டி, பாதிக்கப்பட்டவரா ஒருத்தர் வேணும். உங்களுக்கு ஏற்கெனவே நடக்க முடியாததால ரொம்ப இயல்பா வரும். ஸ்ட்ரெச்சர்ல சும்மா படுத்துக்கிட்டா போதும்."

படுத்தாள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தூக்கினார்கள். செயற்கை வெள்ளம் செய்த நிஜமான சேற்றில் முன்னால் போனவனுக்குக் கால் வழுக்கியது. பத்மா தைத்த இடுப்பு அடிபடக் கீழே விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு விருந்தாளிகள் உருக்கமாகக் கைதட்டினார்கள். அவளை மறுபடி தூக்கிக்கொண்டு 'பாதுகாப்பு மைய'மான மன்றத்துக்கு ஓடினார்கள். அரங்கத்தில் புதிதாகத் தரை மெழுகியிருந்ததால், சேறு காயும்வரை ஸ்ட்ரெச்சரை வெளியிலேயே வைக்கச் சொன்னார்கள்.

கஜபதி வந்தபோது சாய்தளத்துக் கான்கிரீட்மேல், உச்சி வெயிலில், அவள் தனியாகப் படுத்திருந்தாள். உள்ளே பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அழவில்லை. "ஊட்டுக்கு இட்டுகினு போயா" என்றாள். அவன் தூக்கும்போது காதோரம் மெதுவாகச் சொன்னாள். "அந்தாளு ஒரு நாளு நம்ம தண்ணில நிக்கணும். நான் அத்த பாக்கணும்."

மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி இரும்பு. இந்தத் தடவை வாக்கரும் கிடையாது, ஆறேழு மாசம் படுக்கையை விட்டு அசையக்கூடாது என்றார் டாக்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மழைக்காலம் முழுவதையும் விழுங்கியது. வெள்ளம் வந்தால் மொட்டைமாடிக்குக்கூட அவளைக் கொண்டுபோக முடியாது.

ரகுநாதன் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"அம்மா, நீங்க விழுந்தது வீண் போகலை. அதுல எங்களுக்கு முக்கியமான கற்றல்கள் கிடைச்சிருக்கு. ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால பேனர் பிடிக்கறவங்க கொஞ்சம் தள்ளி நிக்கணும். விருந்தாளிங்களுக்கு முகம் மறைச்சிடுச்சு."

பத்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கஜபதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை அவன் நன்றி சொல்லவில்லை.

அந்தக் கற்றல்களின் பயனாக, ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்கு வீடு காலிச் சாக்குகள் வந்தன. ஒவ்வொரு சாக்கிலும் மன்றத்தின் சின்னம். கூடவே ஒரு கையேடு. மண் சமூகத்தின் பங்களிப்பாம், அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம். கையேட்டை ஜெபா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"தம்பி, இங்க வாங்க. 'ஒவ்வொரு தெருவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். கால்வாயை ஒட்டி, தெருவின் நீளத்துக்கு மூட்டைகளை அடுக்கவும்.' அப்படித்தான் போட்டிருக்காவ."

"அப்டி அடுக்கினா தண்ணி எங்கக்கா போவும்? குழாயில தான் போவாதே."

ஜெபா கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"எதுத்த கரையப் பத்தி ஒண்ணும் எழுதல" என்றாள்.

கஜபதியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கவர்மென்ட்டு ஆளுங்க சொன்னா செய்யணும்க்கா" என்றான் கஜபதி.

"செஞ்சுதான ஆவணும்" என்றாள் ஜெபா.

மன்றத்தின் வரலாற்றில் ஒரு கையேட்டை மக்கள் இவ்வளவு பக்தியோடு பின்பற்றியது கிடையாது. பக்கத்தில் அபார்ட்மென்ட்டுக்குத் தோண்டிப் போட்டிருந்த மண்ணைக் கஜபதி ஆட்டோவில் அடித்தான். ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள் லீவு போட்டுவிட்டு மண் அள்ளினார்கள். கையேடு முழங்கால் உயரம் சொன்னது, தெரு நெஞ்சு உயரம் அடுக்கியது. ரகுநாதன் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "அருமை! இதுதான் சமூகத் தாங்குதிறன்!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கார்த்திகை பிறந்து மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், மன்றத்துக்கு விருது விழா. தகவமைப்பில் சிறந்த மன்றம் என்று தெற்குப் புறநகர் மன்றம் விருது வழங்கியது. போன வருஷம் அவர்களுக்கு மேற்கு மன்றம் வழங்கியிருந்தது. வானிலை எச்சரிக்கை வந்தும் விழாவைத் தள்ளிப்போடவில்லை. மழைக்குப் பயந்து தள்ளிப்போட்டால் மன்றத்தின் கொள்கை என்னாவது?

மதியம் ஏரி தளும்பியது. உபரித் தண்ணீர் கால்வாயில் செம்மண் நிறத்தில் சுருட்டிக்கொண்டு வந்து சாய்தளத்தில் முட்டியது. முட்டி, வழக்கம்போல ஏரிக்கரைத் தெருப்பக்கம் திரும்பியது. மூட்டைச் சுவர் நின்றது. தெருவே அதன் பின்னால் குடைபிடித்துக்கொண்டு நின்றது. விழாவில் பேசுவதெல்லாம் மக்களுக்கும் கேட்க வேண்டும் என்று மன்றத்து வாசலில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ரகுநாதனின் குரல் மழையை மீறித் தெளிவாகக் கேட்டது.

"வெள்ளத்தை நாம் எதிரியாகப் பார்க்கிறோம். அது தவறு. வெள்ளம் ஒரு விருந்தாளி. அதற்குக் கதவைத் திறந்து வைக்கும் மனம் வேண்டும். ஏரிக்கரைத் தெரு மக்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இன்று அவர்கள் வெள்ளத்தோடு புன்னகையுடன் வாழப் பழகிவிட்டார்கள்…"

தண்ணீர் ஒரு நிமிடம் தயங்கியதுபோல இருந்தது. பிறகு எதிர்க்கரையில் ஏறி, மன்றத்து கேட்டுக்கு அடியில் நுழைந்து, புல்தரையைத் தாண்டி, அரங்கத்தின் படிகளில் இறங்கியது.

"…ஏனென்றால் நீர் என்பது… யாருப்பா அது… நீர் என்பது… ஏய், வயரை எடு! வயரை எடு!"

ஸ்பீக்கர் கர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

உள்ளே இருந்தவர்கள் பொன்னாடையும் மாலையுமாக மேலே ஏறி வந்தார்கள். கார்கள் ஒன்றையொன்று மோதிக்கொண்டு மெல்லச் சுற்றின. வெளியேற இருந்த ஒரே வழி சாய்தளம். அதன்மேல் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. விருந்தினர்களை மாடிக்கு அனுப்பிவிட்டு, ரகுநாதன் இடுப்பளவு தண்ணீரில் கேட்டுவரை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கஜபதி! அந்த மூட்டையைக் கொஞ்சம் எடுத்துவிடு! தண்ணி அந்தப் பக்கம் போகட்டும்!"

கஜபதி மூட்டைச் சுவரின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

"அது தணிப்பு சார். எங்களுக்கு தகவமைப்பு மட்டுந்தான் சொல்லிக் குட்த்துகீறீங்க."

"விளையாடுற நேரமா இது? மேல லேடீஸ் இருக்காங்க!"

"எங்க ஊட்லயும் லேடீஸ் கீறாங்க சார். எழுந்துக்க முடியாம பட்த்துகினு கீறாங்க. உங்களுக்கு மாடி கீது. எம் பொண்டாட்டிக்கு இந்த மூட்ட மட்டுந்தான் கீது."

சாக்கடை கலந்த தண்ணீர் ரகுநாதனின் பட்டு ஜிப்பாவைச் சுற்றி ஒரு குப்பை வளையம் கட்டியது.

ஜெபா கத்தினாள். "சார், அந்தச் சாய்தளத்த இடிக்கச் சொல்லிப் போன் போடுங்க! ரெண்டு பக்கமும் வடிஞ்சிரும்!"

"அது எங்க அதிகாரத்துல இல்லம்மா! பல துறை சேர்ந்து முடிவெடுக்கணும்!"

"அப்பச் சேந்தே முடிவெடுங்க. நாங்க இங்கனதான் நிப்போம்."

தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. பல துறைகளும் ரகுநாதனுக்குள்ளேயே கூடி முடிவெடுத்தன. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கெஞ்சியதைத் தெருவே கேட்டது. இருட்டுவதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. மூன்று வருஷமாக அசைக்க முடியாமல் இருந்த சாய்தளத்தை ரோட்டோரமாக நின்றபடி கொத்திப் பெயர்த்தது. முதல் பாளம் விழுந்ததும் கால்வாய் பெரிய பெருமூச்சு விட்டதுபோலச் சத்தம் கேட்டது. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் பத்மாவின் கட்டிலுக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

இதோடு விட்டிருந்தால் ரகுநாதனுக்கு நல்லது. அவர் விடவில்லை. மன்றத்தின் சொத்துக்குத் திட்டமிட்டுச் சேதம் விளைவித்ததாகக் கஜபதிமேல் போலீசில் புகார் கொடுத்தார். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கஜபதி மழையில் நனைந்துகொண்டே போய் நின்றான். ரகுநாதன் நாற்காலியில் இருந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க சார். சேதம் எதனால?"

"வெள்ளத்தால."

"வெள்ளத்த இவரு கொண்டாந்தாரா?"

"இல்ல, மழையால வந்தது. இவங்க மூட்டை அடுக்கினதால எங்க பக்கம் வந்துடுச்சு."

"மூட்டை யாரோடது?"

"மன்றத்தோடது."

"அடுக்கச் சொன்னது?"

"மன்றம்தான். ஆனா…"

"சரி, கால்வாய்ல போற தண்ணி கால்வாய்லயே போகாம ஏன் சார் வெளிய வந்துச்சு?"

ரகுநாதன் தண்ணீர் குடித்தார். சுவரைப் பார்த்தார். கஜபதியைப் பார்த்தார். கஜபதி கைகட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு காத்திருந்தான்.

"கால்வாய் அடைபட்டிருந்தது" என்றார்.

"எதால?"

"எங்க சாய்தளத்தால."

"சத்தமா சொல்லுங்க சார், எழுதணும்."

"எங்க சாய்தளத்தால!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கேஸ் போட்டுடலாம். யார்மேலன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

புகாரை ரகுநாதன் அங்கேயே வாபஸ் வாங்கினார்.

வெளியே மழை வலுத்திருந்தது. அவருடைய கார் இன்னும் மெக்கானிக்கிடம். ஸ்டேஷன் படிக்கட்டின் ஓரம் ஒதுங்கி நின்று, போனைத் தட்டித் தட்டி வண்டி தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. கஜபதி ஆட்டோவை ஸ்டார்ட் செய்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"கஜபதி… ஆவடி ஸ்டேஷன் வரைக்கும்…"

பின்சீட் முழுவதும் காலி. கஜபதி அதைத் திரும்பிப் பார்த்தான், அவரையும் பார்த்தான், கிளம்பிவிட்டான்.

பத்மா கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். இன்ஸ்பெக்டர் கேட்டது, அவர் தண்ணீர் குடித்தது, படிக்கட்டில் நின்றது எல்லாம்.

"இன்னும் நின்னுகினு கீறாரா?"

"நின்னுகினுதான் இருப்பாரு. எங்க வண்டி கெடைக்கும் இந்த மழைக்கு?"

வெளியே தண்ணீர் கால்வாயில் போகிற சத்தம் கேட்டது. இடுப்பு வலிக்கும் என்று டாக்டர் சிரிக்கவே கூடாது என்றிருந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரக் குலுங்கினாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"அந்த சாய்தளத்தாலன்னு கத்துனாரு பாரு, அத்த இன்னொரு தபா சொல்லு."